முனியாண்டியின் ஜப்பான் வாளை நான் தேய்த்த கதை

போன வாரம் ஈப்போவில் பல் டாக்டரிடம் போயிருந்தேன். கடைவாய்ப் பல். அண்ணாந்து வாயைத் திறந்தபடி படுத்திருக்கும்போது, டாக்டர் ஒரு துண்டுப் பஞ்சை எதிலோ நனைத்து ஈறில் வைத்தார். கிராம்புத் தைலம். அந்த வாசனை வந்தால் மற்றவர்களுக்குப் பிரியாணி ஞாபகம் வருமோ என்னவோ, எனக்குச் சுர்ரென்று எரிச்சல்தான் வரும். முகம் சுருங்கியிருக்க வேண்டும். “வலிக்குதா அங்கிள்?” என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். கிராம்புத் தைலத்துக்கும் எனக்கும் உள்ள வழக்கைப் பஞ்சை வாயில் வைத்துக்கொண்டு விளக்க முடியாது. உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் கேட்பீர்கள்.

ஜப்பானியர்கள் தங்கள் வாள்களுக்குத் துருப்பிடிக்காமல் இருக்கக் கிராம்புத் தைலம் கலந்த எண்ணெயைத்தான் தடவுவார்களாம். இது எனக்குத் தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. எங்கள் கையிலிருந்த ஜப்பான் வாளுக்கு நாங்கள் அதுவரை தடவியது எலுமிச்சம்பழச் சாறும் மஞ்சளும் குங்குமமும்.

எங்கள் தோட்டம் கோப்பெங்குக்கு உள்ளே, மெயின் ரோட்டிலிருந்து நாலு கல் தள்ளி. ரப்பர் மரம், லயத்து வீடுகள், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம், அதற்குப் பின்னால் ஆலமரத்தடியில் முனியாண்டி கோயில். முனியாண்டி கையில் அருவாள்தானே இருக்கும்? எங்கள் முனியாண்டியிடம் இருந்தது ஜப்பான் வாள். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் இரும்பு வேண்டுமென்று சாமியின் அருவாளைப் பிடுங்கிக்கொண்டு போனார்களாம். பிறகு தோற்று ஓடும்போது ஒரு ஆபீசர் தன் வாளை ரப்பர் ஸ்டோரில் போட்டுவிட்டு ஓடியிருக்கிறான். தோட்டத்து ஆட்கள் அதைக் கொண்டுவந்து சாமி முன்னால் நட்டுவிட்டார்கள். அது ஆபீசரின் பரம்பரை வாள், அவனுடைய பாட்டன் முப்பாட்டன் வைத்திருந்தது என்று தோட்டத்தில் எல்லாரும் சொல்வார்கள். ஓடுகிறவன் நின்று பரம்பரைக் கதை சொல்லிவிட்டா ஓடினான் என்று நான் ஒருமுறை கேட்டு, அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த வாள் கருப்பாக இருக்கும். நுனியில் எலுமிச்சம்பழம் குத்தி, பிடியில் சிவப்புத் துணி சுற்றி, எண்ணெயும் புகையும் ஏறி, அடுப்புக்கரி நிறம். ஆயுத பூஜையன்று ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுக் கத்திகளையும் பால் வாளிகளையும் அடுக்கி, நடுவில் அதை வைப்பார்கள். பூசாரியைத் தவிர யாரும் தொடக்கூடாது. அவரும் விரதமிருந்து, ஈர வேட்டியோடுதான் எடுப்பார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், என் முட்டாள்தனத்தின் அளவு அப்போதுதான் தெரியும்.

தோட்டத்தை வீடமைப்புக்காக விற்றார்கள். கோயிலுக்கென்று மெயின் ரோட்டோரம் ஒரு துண்டு நிலம் கொடுத்தார்கள். புதுக் கட்டடம் எழும்பும்வரை சாமி சாமான்களைப் பத்திரப்படுத்த வேண்டும். பூசாரிக்கு அப்போது உடம்பு முடியவில்லை, மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வாளை யார் வீட்டில் வைப்பது என்ற பேச்சு வந்தபோது எல்லாரும் அப்பாவைக் காட்டினார்கள். அப்பா ஒரு சாதாரணப் பால்வெட்டுத் தொழிலாளி. ஆனால் அவரிடம் ஒரு பொருளைக் கொடுத்தால் கொடுத்தபடி திரும்பி வரும் என்று தோட்டம் முழுக்க நம்பினார்கள். தோட்டத்தை விட்டு நாங்கள் குடிவந்த ஈப்போ வீட்டு சாமி அறையில் ஆறு மாதம் வாள் இருந்தது. அந்த ஆறு மாதமும் அவர் கறி மீன் தொடவில்லை, பாயில்தான் படுத்தார். அம்மா மீன் குழம்பு வைப்பதற்கு அத்தை வீட்டுக்குப் போய்வருவாள்.

நான் அப்போது தஞ்சோங் மாலிம் பக்கம் கார் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர். போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை. வரிசையில் வரும் காரின் பெயின்டை டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்து, கீறல், புள்ளி, தூசி இருந்தால் சாக்பீஸால் வட்டம் போடுகிறவன். ஒரு காருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. பத்து வருடம் இதையே செய்தால் மனிதனுக்கு ஒரு வியாதி வந்துவிடும். கல்யாண வீட்டில் குத்துவிளக்கைப் பார்த்தால் கறை தெரியும், பெண்டாட்டியின் மூக்குத்தியில் தேய்மானம் தெரியும். துருவைக் கண்டால் எனக்குக் கை நிற்காது.

தீபாவளி லீவில் வீட்டுக்கு வந்தேன். அப்பாவும் அம்மாவும் புதுக் கோயில் வேலைக்காக இரண்டு நாள் அங்கேயே தங்கப் போய்விட்டார்கள். சாமி அறையில் வாள். எடுத்துப் பார்த்தேன். இவ்வளவு பெரிய கோயில் கட்டி, கும்பாபிஷேகம் செய்து, இந்தக் கரிக்கட்டையையா வைப்பார்கள் என்று தோன்றியது. நல்ல எண்ணம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஹார்டுவேர் கடையில் பாலிஷ் மருந்தும் மணல்தாளும் வாங்கி வந்தேன். காசு கொடுத்துத்தான் வாங்கினேன், தொழிற்சாலையில் எடுத்ததில்லை. துளைபோடும் மெஷினில் தேய்க்கும் சக்கரத்தை மாட்டி, கார் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்து தொடங்கினேன். மதியம் கடையில் ஆட்டுக்கறி சாப்பிட்ட கை. சக்கரம் தோல் சக்கரம், என்ன தோல் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு நாள் வேலை. கருப்பு போகப் போக உள்ளிருந்து வெள்ளி வந்தது. பிடியில் ஒரு மூங்கில் ஆணி இருந்தது, தட்டினால் கழன்றது. பிடியைக் கழற்றினால் உள்ளேயிருந்த வால் பகுதி முழுக்கத் துரு, கெட்டியான கரும்பழுப்புத் துரு. வெளியே தெரியாத இடம்தான். ஆனால் வெளியே தெரியாத இடத்தையும் பார்க்கிறவன்தானே நல்ல இன்ஸ்பெக்டர்? அதையும் தேய்த்தேன். ஒரு பக்கத்தில் ஆணியால் கிறுக்கியதுபோல் சில கோடுகள் இருந்தன. யாரோ விளையாடியிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே மணல்தாளை அழுத்திப் போட்டேன். போய்விட்டன.

இரண்டாம் நாள் சாயங்காலம் அப்பா வந்து பார்த்தார். “துருவ எடுத்துட்டியா?” என்றார். அவ்வளவுதான். சிவப்புத் துணியைச் சுற்றி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். நான் பாராட்டை எதிர்பார்த்து வாசலில் நின்றேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கும்பாபிஷேகத்தன்று காலை. கோயில் தலைவர் பெருமாளண்ணன், எங்கள் தோட்டத்தில் மண்டோராக இருந்து ஆட்களை வேலை வாங்கியவர், குரல் இன்னும் மண்டோர் குரல்தான். அப்பா தட்டில் வைத்து வாளை நீட்டினார். பெருமாளண்ணன் துணியை விலக்கினார். வெயில் பட்டு அவர் கண்ணே கூசியது.

“இது நம்ம கத்தி இல்லயே.”

“அதே கத்திதான்,” என்றார் அப்பா.

“நம்ம கத்தி கருப்பு. அறுவது வருஷமா நான் பாக்குறேன். இது நேத்து கடையில வாங்குனது மாதிரி இருக்கு. கருப்பு எங்க போச்சு?”

அப்பா திரும்பினார். ஒரு தடவை என்னைப் பார்த்தார். ஒரே தடவை. பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் பத்தடி தள்ளி, கையில் காப்புக் கட்டி, தலையில் கும்பத்தோடு நின்றேன். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? ‘நான்தான் தேய்த்தேன்’ என்று இரண்டு வார்த்தை. சொன்னால் எப்போது தேய்த்தாய், விரதம் இருந்தாயா, எதை வைத்துத் தேய்த்தாய் என்று கேள்வி வரும். தீட்டு என்பார்கள், கும்பாபிஷேகம் நின்றுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றுவரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மை என்னவென்றால் பயம். அத்தனை பேர் முன்னால் கும்பத்தை இறக்கி வைத்துவிட்டு வெளியே போகச் சொல்வார்களே என்ற பயம்.

கூட்டத்தில் யாரோ, பழைய ஜப்பான் வாளுக்கு வெளியில் நல்ல விலை இருக்கிறது என்றார்கள். அந்தப் பேச்சு போதுமானதாக இருந்தது. “உங்க கத்திய நீங்களே வச்சுக்குங்க,” என்றார் பெருமாளண்ணன். சாமிக்குப் புது அருவாள் வாங்கி வைத்தார்கள். அப்பா வாளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். அதன்பிறகு அவர் அந்தக் கோயிலுக்குப் போகவில்லை. கோப்பெங்குக்குப் போவதென்றாலும் கோயில் இருக்கும் பாதையை விட்டுவிட்டுச் சுற்றித்தான் போவார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. என் யோசனைகளின் லட்சணம் உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். இது உண்மையிலேயே பழைய பரம்பரை வாள்தான் என்று ஒரு நிபுணர் எழுதிக் கொடுத்துவிட்டால்? பழைய வாளை விற்றுவிட்டுப் புதிதை வைத்தார் என்பதுதானே அப்பா மேல் பழி. இருப்பதே பழசு என்றால் பழி எங்கே நிற்கும்? விசாரித்ததில் கனகரத்தினம் ஐயா பெயர் வந்தது. யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஓய்வுபெற்ற எஞ்சினியர். ஜப்பானில் படித்து, அங்கே உருக்கு ஆலையில் பல வருடம் இருந்தவர். லீவு நாளெல்லாம் வாள் தீட்டும் ஒருவரின் பட்டறையில் கழித்தாராம். ஈப்போவில் தனி பங்களா.

ஒரு எஞ்சினியரிடம் காட்டி வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, வாளைத் தூண்டில் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோனேன். பக்கத்தில் இருந்த சீனத்துக் கிழவர் வழி முழுக்க என்ன மீன், எந்தக் குளம், என்ன இரை என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கிருந்த எரிச்சலில் அவருக்கு ஒரு இல்லாத குளத்துக்கு வழி சொல்லிவிட்டு இறங்கினேன். பாவம், அவர் தேடிப் போயிருப்பாரோ என்னவோ.

கனகரத்தினம் ஐயா வாளை வாங்கியதும் அதற்கு ஒரு கும்பிடு போட்டார். நான் பேச வாயெடுத்தேன். “கதைக்காதேங்கோ. எச்சில் பட்டாக் கறை பிடிக்கும்,” என்றார். வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம். ஒரு காரை ஒரு நிமிடத்தில் பார்க்கிறவனுக்கு அது என்ன பாடு என்று நினைத்துப் பாருங்கள். முதலில் வாளை நிமிர்த்தி, கையை நீட்டி, அதன் வளைவை மட்டும் பார்த்தார். கிட்டே கொண்டுவரவே இல்லை. பிறகு பஞ்சில் கிராம்பு எண்ணெய் தொட்டு மெல்ல ஒத்தினார். ஒரு ஒற்றை பல்புக்கு நேராக வாளைப் பிடித்து, நூல் கோர்ப்பதுபோல் ஒரு கண்ணைச் சுருக்கி, அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். நகர நகர முகம் சுருங்கியது.

கடைசியில் வாளை வெல்வெட் துணிமேல் வைத்துவிட்டுத்தான் பேசினார். வாளின் உடலில் நீளவாக்கில் ஒரு முதுகுக் கோடு ஓடவேண்டுமாம், கத்தியால் கீறியதுபோல் கூர்மையாக. அந்தக் கோட்டில்தான் செய்தவனின் கை தெரியும். “இதில பாருங்கோ. தேஞ்ச சவர்க்காரம் மாதிரி இருக்கு.” சோப்பைத்தான் அப்படிச் சொன்னார். உருக்கை மடித்து மடித்து அடித்ததால் பலகையில் இருப்பதுபோல் ரேகை தெரியவேண்டும். இதில் பளபளப்புதான் தெரிகிறது, அவர் முகம் தெரிகிறது. வெட்டும் ஓரத்தில் பனிமூட்டம்போல் ஒரு வெள்ளை அலை இருக்கவேண்டும், சூடாக்கித் தண்ணீரில் முக்கியபோது வந்த அலை. போர்க்காலத்தில் ஆலையில் செய்த வாள்களில் அமிலத்தைத் தடவி அப்படி ஒன்றைப் பொய்யாக வரைவதும் உண்டு. இதில் இருப்பது அசல் அலையா, அறுபது வருட எலுமிச்சம்பழமா என்று அவரால் பிரிக்க முடியவில்லை.

பிறகு, “இஞ்ச வாங்கோ,” என்று பிடிக்கு மேலே ஒரு மூன்று விரல் அகலத்தைக் காட்டினார். என் சக்கரம் சரியாகப் போய்ச் சேராத மூலை. பல்புக்கு நேரே சாய்த்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் கீழே குனிந்ததும் தெரிந்தது. சாம்பல் நிறத்தில் ரேகை ரேகையாக, ஓடை அடியில் மணல் படிந்திருப்பதுபோல். ஓரத்தில் அந்த வெள்ளை அலை, நிஜமாகவே மூச்சுப் பட்ட கண்ணாடிதான். பத்து வருடம் பளபளப்பைப் பார்த்துச் சம்பளம் வாங்கிய எனக்கு, அன்றுதான் ஒரு பரப்பை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்தது. வாள் முழுக்க அப்படித்தான் இருந்திருக்கும். அத்தனையையும் நான் வழித்து எறிந்திருக்கிறேன்.

“கைவேலை. நல்ல கைவேலை,” என்றார். “எந்தக் காலம் எண்டு வால் பகுதியில தெரியும். அந்தத் துருவை ஒருத்தரும் தொடமாட்டினம். துருவின்ர நிறத்தைப் பாத்துத்தான் நூறு வருசமோ முந்நூறு வருசமோ எண்டு சொல்லுறது. செய்தவன் தன்ர பேரையும் அதிலதான் வெட்டுவான்.”

சொல்லிக்கொண்டே மூங்கில் ஆணியைத் தட்டிப் பிடியைக் கழற்றினார். வால் பகுதி புது எவர்சில்வர் கரண்டி மாதிரி மின்னியது. அவர் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

“ஆர் இதைச் செய்தது?”

“நான்தான் ஐயா,” என்றேன். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது பாருங்கள், முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம். வந்ததும் நிற்கவில்லை. கோயில், அப்பா, கும்பம், பெருமாளண்ணன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நீங்கள்தான் தேய்ச்சது எண்டு அவையளுக்குச் சொன்னீங்களோ?”

“இல்ல ஐயா.”

“பிறகு என்னட்ட ஏன் வந்தனீங்கள்?”

அவர் மேல் கோபம் கோபமாக வந்தது, அதுவும் நியாயமான கேள்வி கேட்டதற்காக. இருந்தாலும் நல்ல மனிதர், ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். வாளின் வளைவைப் பற்றி, ரேகையைப் பற்றி, மிஞ்சிய மூன்று விரல் அகலத்தைப் பற்றி அவ்வளவு அருமையாக எழுதியிருந்தார். எனக்கு வேண்டிய ஒரே வரி மட்டும் இப்படி இருந்தது: பழமையானதாக இருக்கக்கூடும், உறுதியாகச் சொல்வதற்கில்லை.

கும்பாபிஷேகம் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு பெருமாளண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் மெர்போக் புறாக் கூண்டுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். நான்தான் தேய்த்தேன், மெஷின் போட்டுத் தேய்த்தேன், கறி சாப்பிட்ட கையோடு தேய்த்தேன், அப்போது அப்பா வீட்டிலேயே இல்லை. கடிதத்தையும் நீட்டினேன். அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“கண்டிப்பா பழசுன்னு போட்டிருக்கா?”

“இருக்கலாம்னு போட்டிருக்கு அண்ணே.”

கூண்டை மாட்டிவிட்டுத்தான் பேசினார். “தம்பி, அன்னைக்கு அந்த எடத்துல சொல்லியிருந்தா, உன்ன நாலு அறை அறைஞ்சிட்டு, பரிகாரம் பண்ணி, கத்திய வாங்கி வச்சிருப்பேன். ஒங்கப்பாவ நம்பாமயா குடுத்தோம்? இப்ப மூணு மாசம் கழிச்சு பேப்பரு கொண்டுக்கிட்டு வர்ற. நெசத்தச் சொல்றவனுக்குப் பேப்பர் எதுக்குலா? அப்பன காப்பாத்தணும்னு பிள்ளை சொல்ற கதை இது. நல்ல பிள்ளதான். போயிட்டு வா.”

அதற்குமேல் என்ன சொல்லியும் ஏறவில்லை. உண்மையைச் சொல்லியும் பொய்யன் ஆனது என் வாழ்க்கையிலேயே அந்த ஒருமுறைதான். திரும்பி வரும்போது கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம், அதற்கும் மனசு வரவில்லை.

அப்பா சாப்பாட்டு மேசையில் இருந்தார். “போய்ச் சொன்னியா?” என்றார். நான் எங்கே போனேன் என்று அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை.

“சொன்னேன்ப்பா.”

“நம்பலயா?”

“நம்பல.”

“சரி, சாப்பிடு,” என்றார். கொஞ்சம் கழித்து, “அந்த எஞ்சினியர் என்ன சொன்னாரு, நல்ல வேலைதானா?” என்று கேட்டார். நான் அந்த மூலையைக் காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக் குனிந்து குனிந்து பார்த்தார். பால்வெட்டுக் கத்தியின் கூரை நாற்பது வருடம் பார்த்த கண், எனக்கு ஆன நேரத்தில் பாதிகூட அவருக்கு ஆகவில்லை. “தெரியுதுடா, தண்ணி மாதிரி ஓடுது,” என்றார். அதற்குப் பிறகு நாலு வருடம் இருந்தார். வாளைப் பற்றி நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு அது. பெருமாளண்ணன் அடுத்த வருடமே போய்விட்டார். அவர் பிள்ளைகள் சிங்கப்பூரிலோ ஜோகூரிலோ இருக்கிறார்கள், வீடு பூட்டிக் கிடக்கிறது. கனகரத்தினம் ஐயாவின் பங்களா இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. தோட்டம் இருந்த இடத்தில் வரிசை வரிசையாக வீடுகள், தெருக்களுக்கு மலாயில் பூக்களின் பெயர். பெரட்டுக்களம் எங்கே இருந்தது என்று எனக்கே காட்டத் தெரியவில்லை.

பல் பிடுங்கிய மறுநாள், கோயிலிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். புதுச் செயலாளர் ஒரு பெண், முப்பது வயதுகூட இருக்காது, கூட ஒரு வாலிபன். இரண்டு பேருமே ஈப்போவில் பிறந்தவர்கள், தோட்டத்தைப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் பழைய ஜப்பான் வாள் இருப்பதாக யாரோ சொன்னார்களாம். கோயிலுக்குக் கொடுத்தால் கண்ணாடிப் பெட்டி செய்து வைப்பார்களாம். “கீழ போர்டுல அப்பா பேரு போட்டுடலாம் அங்கிள். உபயம்னு,” என்றாள் அந்தப் பெண்.

உபயம். அப்பா தன் சொந்தப் பொருளைக் கோயிலுக்குக் கொடுத்தார் என்று பொருள். பெருமாளண்ணன் சொன்னதும் அதுதானே, இது உங்கள் கத்தி என்று. அதைப் பித்தளையில் வெட்டி, அப்பா பெயரையும் போட்டு, சாமிக்குப் பக்கத்தில் மாட்டப்போகிறார்கள். அதுவும் அன்பாக.

“உபயம் வேணாம்மா. அது கோயில் வாளுதான். ஆரம்பத்துலேர்ந்தே கோயிலோடது,” என்றேன்.

“அப்ப எப்படி அங்கிள் வீட்டுக்கு வந்துச்சு?”

சொன்னேன். ஒன்று விடாமல், பல் பிடுங்கிய வாயோடு, ஒரு பக்கமாக இழுத்து இழுத்துச் சொன்னேன். தேய்த்தது, கும்பத்தோடு நின்றது, அப்பா என்னைப் பார்த்தது எல்லாம். வாலிபன் நடுவில் போனை ஒருமுறை பார்த்தான், பிறகு மரியாதைக்கு உள்ளே வைத்துவிட்டான். சொல்லி முடித்தேன். அந்தப் பெண் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“பரவால்ல அங்கிள்,” என்றாள். “எப்பவோ நடந்ததுதானே லா. அங்கிளும் நல்லதுக்குத்தானே செஞ்சீங்க.”

நல்ல பெண். அவள் மேல் எனக்கு என்ன கோபம்? நான் தலையை ஆட்டினேன். தோட்டத்தில் எண்பது குடும்பம் இருந்தது, இப்போது யார் எங்கே என்று தெரியாது. அன்று காலை அத்தனை பேரும் அங்கே நின்றார்கள். என்னைப் பார்த்துப் பரவாயில்லை என்றோ, எப்படிடா பரவாயில்லை என்றோ சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.